0.45 பெரிசா, 0.5 பெரிசா?

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போவதற்குள் தலைமையாசிரியர் மேசையில் பாடக்குறிப்பு நோட்டுகள் அடுக்காக ஏறிவிடும். வாரம் ஒரு தடவை எழுத வேண்டியது, கையெழுத்து வாங்க வேண்டியது, பீரோவுக்குள் வைக்க வேண்டியது. யாராவது பார்வைக்கு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டியது. நான் செஞ்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். 2007இல் வேலைக்குச் சேர்ந்தேன். இதுவரை எத்தனை நோட்டு எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பழையதெல்லாம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஒரு போகிக்கு என் மாமியார் அதை மொத்தமாக எடைக்குப் போடப் பார்த்தார்.

அவர் கையிலிருந்து பிடுங்கிய ஒன்றை அப்படியே பரணேணியில் உட்கார்ந்து படித்தேன். 'ஆசிரியர் செயல்பாடு' கட்டத்தில் நான் என்ன கேட்பேன், என்ன படம் போடுவேன், எந்த எடுத்துக்காட்டைச் சொல்வேன் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தேன். பக்கத்திலேயே 'மாணவர் செயல்பாடு' என்று ஒரு கட்டம். அதில், "மாணவர்கள் உற்றுநோக்குவர். வினாக்களுக்கு விடையளிப்பர்." அடுத்த வாரம், "மாணவர்கள் கவனிப்பர். குழுவில் கலந்துரையாடுவர்." அதற்கடுத்த வாரம் மறுபடியும் உற்றுநோக்குவர். நோட்டு முழுக்க 'வர்', 'பர்' என்றே போகிறது. என்ன விடையளிப்பர்? சரியாகவா, தப்பாகவா? தப்பென்றால் என்ன தப்பு? ஒரு வரி கிடையாது. வருஷக்கணக்காக நான் திட்டமிட்டது என் பேச்சை மட்டும்தான்.

அந்த 'அர்' விகுதிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு இன்னும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்த கதை இது.

எங்களை மாதிரிப் பள்ளிகளில் கணக்குக்கு ஒரே ஆள்தான். பக்கத்து வகுப்பில் இதே பாடத்தை நடத்தும் இன்னொருவர் இருந்தால் மதிய சாப்பாட்டின்போது, "பின்னம் எப்படிப் போச்சு உங்களுக்கு?" என்றாவது கேட்கலாம். அதற்கு வழியில்லை. குறுவள மையக் கூட்டத்தில்தான் மற்ற பள்ளிக் கணக்கு ஆசிரியர்களைப் பார்ப்போம். சனிக்கிழமை வைப்பார்கள். முன்னால் கருத்தாளர் பேசுவார், பின்வரிசையில் ஈடுசெய் விடுப்பு உண்டா இல்லையா என்று ஒரு தனிக் கூட்டம் ஓடும். மூன்று மணிக்கு மேல் குழுச் செயல்பாடு. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழுவுக்கு ஒரு பூவின் பெயர். சார்ட்டைப் பிடித்தபடி போட்டோ. அந்த போட்டோ எடுத்ததும் செயல்பாடு முடிந்துவிடும். குறை சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற கணக்கு சாரை எனக்குத் தெரிந்தே இருக்காது.

சேர்ந்து பாடம் தயாரிப்பது நம்மூருக்குப் புதிதும் இல்லை. செயல்வழிக் கற்றல் ஞாபகமிருக்கும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பிள்ளைகள் அட்டைகளை வரிசையாகச் செய்து தங்கள் வேகத்தில் கற்கும் முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, நான் வேலைக்குச் சேர்ந்த 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பாய், கம்பிப் பந்தல், சுவரோரமாகக் குட்டைக் கரும்பலகை, ஏணிப்படி, முயலும் அணிலுமாக அடையாளப் படம் போட்ட அட்டைகள். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்து, கூடி உட்கார்ந்து, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று தமிழில் எழுதிச் சேர்த்தவை அவை. அந்த மேசையைச் சுற்றி என்னென்ன சண்டை நடந்திருக்கும் என்று எனக்கு இப்போது ஊகிக்க முடிகிறது. எங்கள் பள்ளிக்கு வந்தது பெட்டி மட்டும்தான், சண்டை வரவில்லை. இந்த அட்டை ஏன் ஐந்தாவதாக இருக்கிறது, நான்காவதாக ஏன் இல்லை என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அட்டையை எழுதியவர்கள் கற்றுக்கொண்டார்கள், நாங்கள் அட்டையை அடுக்கினோம்.

ஆறு முதல் எட்டு வரைக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அதன் மனவரைபடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். வட்டம் போட்டு நாலு பக்கமும் கோடு இழுத்தால் மனவரைபடம். சதவீதத்துக்கும் அதுதான், தாவரங்களுக்கும் அதுதான்.

ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் தயாரிக்கிற முறையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர், குறுவள மையக் கூட்டத்தில் பழக்கமான அந்தக் கணக்கு சார். எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது சின்னவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, அங்க ஒரு பாடத்துக்கு அஞ்சாறு வாத்தியாருங்க சேர்ந்து வாரக்கணக்குல மண்டைய உடைக்கிறாங்க. அப்புறம் ஒருத்தர் நடத்துவாரு, மத்தவங்க சுவரோரமா நின்னு பசங்களப் பாப்பாங்க. வாத்தியார இல்ல, பசங்கள" என்றார். ஜுக்யோ கென்க்யூ என்று பெயராம். 'பாட ஆராய்ச்சி' என்று தமிழில் சொல்லலாம். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே நடக்கிறது. வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது 1990களின் கடைசியில்தான். ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டிலும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் 231ஐ வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். ஜப்பானியப் பாடங்கள் தனியாகத் தெரிந்தன. ஆசிரியர் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை மோத விடுகிறார். அவர்கள் என்னென்ன வழியில் போனார்கள் என்பதைப் பலகையில் வரிசையாக ஏற்றி, அதை வைத்தே வகுப்பைப் பேச வைக்கிறார். அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'நெரியாகே'. பிசைவது என்று அர்த்தமாம். சப்பாத்தி மாவு பிசைகிற எவளுக்கும் இது புரியும். கொஞ்சம் முன்னால் நிறுத்தினாலும் விரிசல் விடும்.

பலகையை அழிப்பதும் இல்லை. தப்பான விடையும் பாடம் முடியும்வரை அங்கேயே இருக்கும். எங்கள் பலகையில் மேலே தேதி, ஓரத்தில் 'பதிவு 31, வருகை 28', நடுவில் அன்றைய குறள், அதற்குக் கீழே மிச்சம் இருப்பதுதான் கணக்குக்கு.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய பாடத்திட்டத் தாள். அதில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்னென்ன விடை சொல்வார்கள் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. தப்பான விடைகளை, அரைகுறை விடைகளை, ஒவ்வொன்றும் எந்த நினைப்பிலிருந்து வருகிறது என்பதோடு எழுத வேண்டும். என்னுடைய 'விடையளிப்பர்' இருக்கிறதே, அதே இடம்.

செய்து பார்ப்போம் என்று முடிவானது. கணக்குக்கு நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பள்ளித் தமிழாசிரியை சும்மா இருக்க மாட்டார், அவர் தானாக வந்து சேர்ந்துகொண்டார். சமூக அறிவியல் சாரை நாங்கள் சேர்க்கவில்லை. நாங்கள் கூடிய சனிக்கிழமை மதியம் அவர் எமிஸ் பதிவுக்காக, அதாவது மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவதற்காக, பள்ளியில் உட்கார்ந்திருந்தார். நெட் கிடைக்காமல் எங்கள் மேசைக்கு வந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு எங்களுக்கு அதிகம் உதவியது அவர்.

ஏழாம் வகுப்பு. தசம எண்களை ஒப்பிடுவது. 0.5, 0.45 இரண்டில் எது பெரியது? வருஷாவருஷம் பாதி வகுப்பு 0.45 என்று சொல்லும். நான் ஒவ்வொரு வருஷமும், "0.5க்குப் பின்னால ஒரு சைபர் போட்டுக்கோ, 0.50 ஆயிடுச்சா, இப்ப பாரு" என்று சொல்லிக் கொடுப்பேன். அன்றைக்குச் சரியாகப் போடுவார்கள். அரையாண்டுத் தேர்வில் மறுபடி 0.45.

"பசங்க என்ன சொல்வாங்க, அதை மொதல்ல எழுதுங்க" என்று கணக்கு சார் தாளை மேசையில் விரித்தார். நானும் அவரும் ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தோம். ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரிசு, அதனால் 0.45 என்பார்கள். சரி, அப்புறம்? அப்புறம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கணக்கு ஆசிரியர்கள், இருவருக்கும் சேர்த்து இருபத்தைந்து வருஷ சர்வீஸ், ஒரே ஒரு தப்புதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் சமூக அறிவியல் சார் டீ டம்ளரை வைத்துவிட்டு, "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எனக்கே அது நாற்பத்தஞ்சுதான். ஏன் சின்னது?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்கள் விளக்கினோம். "சைபர் போட்டுக்கோன்னா சரி, போடறேன். ஏன் போடணும்?" என்றார். பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று தாளில் கட்டம் போட்டுக் காட்ட வேண்டியதாகிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை வாயைத் திறந்து கேட்காததை அவர் கேட்டார். அந்த மதியம் முழுக்க அவர்தான் எங்கள் பிள்ளை.

தமிழாசிரியை வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். "உங்க புள்ளியெல்லாம் எனக்குத் தெரியாது. அரை தெரியும், கால் தெரியும், அரைக்கால் தெரியும். அரைக்கால்னா எவ்வளவு உங்க கணக்குல?" எட்டில் ஒன்று. 0.125. "அப்ப அரைக்கால் காலைவிடச் சின்னதுன்னு பேரிலேயே இருக்கே. இதுல எங்க குழப்பம்?" என்றார். அவர் வீட்டில் அவருடைய மாமியார் காலத்துப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இன்னும் இருக்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி. அப்படியென்றால் ஆழாக்கு என்பது 0.125 படி. அன்றைக்கே எங்கள் மூன்று எண்கள் முடிவாயின. 0.5, 0.45, 0.125. சிறியதிலிருந்து பெரியதாக எழுது, ஏன் என்றும் எழுது. இதுதான் கேள்வி.

பாடத்தை நான் நடத்துவதாக ஏற்பாடு. ஜப்பானில் இந்த மாதிரி நாளில் மற்ற வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லா ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் கூடுவார்களாம். இங்கே அப்படி அனுப்பினால் அரை மணி நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டில் நிற்பார். ஐந்தாம் வகுப்பு டீச்சர் மனசு வைத்து மூன்று வகுப்பையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக்கொண்டார். கணக்கு சார் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டு வந்தார். வருஷத்துக்கு இருக்கிற 12 நாளில் ஒன்றை, இன்னொருத்தர் வகுப்பின் சுவரோரம் நிற்பதற்காகப் போட்டவர் அவர். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கை நடுங்கியது. பி.எட். படிக்கும்போது நுண்ணிலைக் கற்பித்தல் என்று சக மாணவிகள் பிள்ளைகளாக நடிக்க ஆறு நிமிஷம் பாடம் எடுத்தோமே, அதற்குப் பிறகு என் வகுப்பில் பெரியவர்கள் வந்து நின்றதெல்லாம் ஆய்வுக்காக மட்டும்தான். "உங்களப் பாக்க வரலக்கா, ஆளுக்கு ரெண்டு பசங்களத்தான் பாக்கப் போறோம்" என்று சார் சொல்லியும் அடங்கவில்லை.

எண்களை எழுதிவிட்டு நேரம் கொடுத்தேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் பதினேழு பேர் 0.125ஐக் கடைசியில், அதாவது பெரியதாக வைத்திருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். எட்டுப் பேர் சரி. சன்னலோரம் உட்காரும் ஒரு பெண், அதிகம் பேசமாட்டாள், 0.125, 0.45, 0.5 என்று அழகாக வரிசையாக எழுதியிருந்தாள். நடந்துகொண்டே அவள் நோட்டில் ஒரு டிக் போட்டு 'குட்' என்று எழுதினேன். எட்டுப் பேருக்கும் எழுதினேன். பிறகு கலந்துரையாடல், ஆழாக்கு, கட்டம் போட்ட தாள், எல்லாம் நன்றாகவே போனது. மணி அடித்ததும் நான் திருப்தியாக இருந்தேன்.

பிள்ளைகள் போன பிறகு அதே பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். நடத்தியவர் முதலில் பேச வேண்டும் என்பது விதி. நான் நன்றாகப் போனது என்றேன். இரண்டாவது விதி, "சூப்பரா பண்ணீங்க டீச்சர்" என்று யாரும் சொல்லக் கூடாது. என்ன பார்த்தீர்களோ அதை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

சமூக அறிவியல் சார் தாளைப் பார்த்தார். "நீங்க ஏழு தடவை 'பூஜ்யம் புள்ளி நாற்பத்தஞ்சு'ன்னு சொன்னீங்க."

எனக்குப் புரியவில்லை.

"நீங்களே நாற்பத்தஞ்சுங்கறீங்க. அப்புறம் பசங்க அது அஞ்சைவிடப் பெருசுன்னா தப்புங்கறீங்க."

பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து என்று வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாடக்குறிப்பில் எழுதியும் இருக்கிறேன். வாய் பதினேழு வருஷமாக வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டுச் சொல்ல ஆளில்லை.

கணக்கு சார் கடிகாரம் பார்த்திருந்தார். நான் கேள்வி கேட்டு முடித்து அடுத்த வார்த்தை பேசுவதற்குள் இருந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு. இதை 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் விடை நீளமாகிறது என்று. மூன்று விநாடி என்பது கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், மூன்று விநாடியில் மூச்சு முட்டும்.

கடைசியாகத் தமிழாசிரியை. சன்னலோரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்தப் பெண் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார். "புள்ளிக்கு அப்புறம் எத்தன நம்பர் அதிகமோ அவ்ளோ சின்னது. மூணு இருக்கு பாரு, அதான் மொதல்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கணக்கு சார் பலகையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். 0.125இல் மூன்று இலக்கம், 0.45இல் இரண்டு, 0.5இல் ஒன்று. இலக்கம் கூடினால் மதிப்பு குறையும் என்று ஒரு பிள்ளை முழுத் தப்பாக நினைத்தாலும் நாங்கள் கொடுத்த மூன்று எண்ணுக்கு விடை சரியாகவே வரும். மறுநாள் அவளைக் கூப்பிட்டு 0.7, 0.75 எழுதிக் கொடுத்தேன். கொஞ்சமும் தயங்காமல் 0.7 பெரிசு என்றாள். ஒரு இலக்கம்தானே. அவள் நோட்டில் என்னுடைய 'குட்' சிவப்பு மையில் இருந்தது. மற்ற ஏழு பேரிடமும் கேட்டேன். இன்னும் இரண்டு பேர் அவள் கட்சி.

இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. மெல்போர்னில் கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லே என்ற இரு ஆய்வாளர்கள் தசம எண்களில் பிள்ளைகள் செய்யும் தப்புகளைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீளமானது பெரிது என்பது ஒரு வகை, குட்டையானது பெரிது என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம், பல சோதனைகளில் அவர்கள் சரியான விடையோடு தப்பித்துவிடுவார்கள். நான் இத்தனை வருஷமாக அவர்களுக்கெல்லாம் 'குட்' போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எண்ணை மாற்ற வேண்டும். இதற்கு மட்டும் ஒரு மாலை முழுக்க வாட்ஸ்அப்பில் போனது. இரவு பத்தரைக்குக் கணக்கு சார் அனுப்பினார்: 0.5, 0.45, 0.625. நீளம்தான் பெரிது என்பவர்கள் 0.5, 0.45, 0.625 என்று அடுக்குவார்கள். குட்டைதான் பெரிது என்பவர்கள் 0.625, 0.45, 0.5 என்பார்கள். சரியான வரிசை 0.45, 0.5, 0.625. மூன்று நினைப்புக்கும் மூன்று வேறு வரிசை. விடையைப் பார்த்தவுடனே பிள்ளையின் மனசில் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இந்த மூன்று எண்களைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாது. எனக்கு அவற்றைப் பார்த்தபோது நல்ல பட்டுச் சேலையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. தமிழாசிரியை பத்து நிமிஷம் கழித்து, "0.625ன்னா அரையே அரைக்கால்தானே? ஐந்து ஆழாக்கு" என்று போட்டார். அப்புறம் ஒரு பூ.

தமிழாசிரியைக்கும் கணக்கு சாருக்கும் ஒரு சண்டை. ஆழாக்கையும் படியையும் ஆரம்பத்திலேயே மேசையில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பிடிமானம் இருக்கும் என்றார் அவர். முதலிலேயே காட்டிவிட்டால் அளந்து பார்த்து விடை சொல்லிவிடுவார்கள், யோசிக்க என்ன இருக்கிறது என்றார் சார். இரண்டு நாள் பேசவே இல்லை. கடைசியில் பொருட்கள் மேசை டிராயருக்குள் இருக்க வேண்டும், பிள்ளைகள் தங்களுக்குள் வாதம் செய்து முட்டிக்கொண்ட பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமானது. எனக்கு இன்னும் தமிழாசிரியை பக்கம்தான் மனசு சாய்கிறது. தசம எண் என்றாலே பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற பிள்ளைக்கு முட்டிக்கொள்ளவாவது ஏதாவது வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து கணக்கு சார் தன் பள்ளியில் நடத்தினார். இந்த முறை தற்செயல் விடுப்பு நான் போட்டேன். எனக்குக் கிடைத்தவன் கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், கையில் கட்டிய சிவப்புக் கயிறைச் சுற்றிக்கொண்டே இருந்தான். 0.45, 0.5, 0.625 என்று எழுதினான். முதல் ஆளாகச் சரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் இந்த முறை சந்தோஷத்தை நம்பவில்லை. அவன் 'ஏன்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் பேசக்கூடாது, ஆகவே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சார் அவனை எழுப்பவில்லை. மற்றவர்களின் மூன்று வரிசையையும் பலகையில் எழுதி, எது யாருடையது என்று சொல்லாமல், "ஒவ்வொண்ணையும் எழுதினவங்க எப்படி யோசிச்சிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். தன் விடையைக் காப்பாற்றத்தான் பிள்ளைகள் வழக்கமாகக் கத்துவார்கள். அடுத்தவன் ஏன் அப்படி எழுதினான் என்று கேட்டால் சத்தம் வேறு மாதிரி வருகிறது. ஒருத்தி, "புள்ளிய மறைச்சிட்டுப் பாத்திருப்பாங்க சார்" என்றாள். வகுப்பு சிரித்தது, அப்படி எழுதிய பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போது என் பையன் எழுந்தான். "சார், 0.625 ஒண்ணுக்கு மேல போயிடுச்சு. அதான் பெருசு."

சார் காத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் மனசுக்குள் எண்ணினேன்.

"0.6ன்னாலே ஓவர் முடிஞ்சிடும்ல சார்."

கிரிக்கெட். 0.5 ஓவர் என்றால் ஐந்து பந்து, ஆறாவது பந்து போட்டால் ஒரு ஓவர். டி.வி. திரையின் மூலையில் தினமும் அவன் பார்க்கிற தசம எண் அது ஒன்றுதான், அதில் புள்ளிக்கு அப்புறம் ஆறு வந்தால் ஒன்றாகிவிடும். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அது வேறு கணக்கு. நாங்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வடிகட்டிய மூன்று எண்களுக்குள் நுழைந்து, வேறு வழியாகச் சரியான விடையோடு வெளியே வந்துவிட்டான். நாலு பேரும் சேர்ந்து எழுதிய 'பிள்ளைகள் என்ன சொல்வார்கள்' கட்டத்தில் கிரிக்கெட் இல்லை. நான் மதிய இடைவேளையில் சேர்த்து எழுதினேன்.

சார் டிராயரைத் திறக்கவே இல்லை அன்று. மீதி நேரம் முழுக்க ஓவர் புள்ளியும் கணக்குப் புள்ளியும் ஒன்றா என்பதிலேயே போயிற்று. தமிழாசிரியை தன் ஆழாக்கைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுபோனார், வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிள்ளைகள் தங்களைத் தாங்களே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பாடம் முடிந்ததும் இரண்டு வரி எழுத வைக்கத் தொடங்கியிருந்தோம். முதலில் கேட்டது, "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" வந்த விடைகள்: "பாடம் நன்றாகப் புரிந்தது. நன்றி டீச்சர்." முப்பது பேரும் இதையேதான். ஒருத்தி எனக்கு ரோஜாப்பூ வரைந்திருந்தாள். பாவம், அவர்களும் எனக்குப் பாடக்குறிப்புதான் எழுதிக் கொடுத்தார்கள், என் கையெழுத்துக்காக. கேள்வியை மாற்றினோம். "முதலில் என்ன விடை வைத்திருந்தாய்? எதைக் கேட்டு மாற்றினாய், அல்லது ஏன் மாற்றவில்லை?" இதற்கு நன்றி டீச்சர் என்று எழுத முடியாது. சில பிள்ளைகளுக்கு இரண்டு வரி வர ஒரு மாதம் ஆனது. சன்னலோரப் பெண் ஒரு நாள் எழுதினாள்: "நான் குட்டி எண்தான் பெரிசுன்னு நெனச்சேன். டீச்சர் குட் போட்டாங்க அதனால மாத்தல."

அந்த நோட்டை நான் பரணுக்கு அனுப்பப் போவதில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. வருஷத்தில் மூன்று பாடம் செய்திருக்கிறோம், அதுவே பெரிது. மற்ற வாரங்களில் நானும் 'உற்றுநோக்குவர்' என்றுதான் எழுதுகிறேன். தேர்வு இருக்கிறது, எமிஸ் இருக்கிறது, இலவசச் சீருடைக்குப் பட்டியல் இருக்கிறது. ஆனால் தனியாக நடத்துகிற வகுப்பிலும் விடை சரியாக வந்தால் இப்போது கை 'குட்' போடுவதற்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறது. "எப்படிடா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். நாற்பத்தஞ்சு என்று இன்னமும் அவ்வப்போது சொல்லிவிடுகிறேன். சமூக அறிவியல் சார் வராந்தாவில் போகும்போது சன்னல் வழியாக விரலைக் காட்டி எண்ணுவார்.

அடுத்த மாதம் இணைகரத்தின் பரப்பளவு. அடுத்தடுத்த பக்கங்களைப் பெருக்குவார்கள், அது தெரியும். வேறு என்ன செய்வார்கள் என்று தாளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்கோலை எப்போது கொடுப்பது என்று பழைய சண்டை மறுபடி ஆரம்பித்திருந்தது. சமூக அறிவியல் சார் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"எத்தன நாளைக்கு உங்க புள்ளியவே பாக்கறது. எட்டாவதுக்கு வரைபடம் வருது எனக்கு. பசங்க வடக்குன்னா மேல் பக்கம்னு வானத்தக் காட்டறாங்க. வாங்க, வந்து சுவரோரமா நில்லுங்க."

தமிழாசிரியை உடனே தேதி கேட்டார்.

"தேதி சொல்றேன். ஆனா போட்டோ எடுக்கக் கூடாது."